சிறு விமானத்துக்கான அவசரகால வான்குடை: பதினொரு ஆண்டுப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் என் மருமகன் இந்தத் தைப்பொங்கலுக்குக் கோண்டாவிலுக்கு வந்திருந்தபோது, விமானத்துக்கே பூட்டும் வான்குடையைப் பற்றி என்னிடம் கேட்டான். விமானிக்கு முதுகில் கட்டும் வான்குடையை அவன் கேட்கவில்லை. இயந்திரம், சிறகு, ஆட்கள் என்று முழு விமானத்தையும் தூக்கிப் பிடித்துக் கீழே இறக்கும் பெரிய வான்குடையைத்தான் கேட்டான். அதற்குச் செலவழிப்பது புத்தியான காரியமா, அல்லது காசு மிஞ்சியவர்களின் ஆடம்பரமா என்பது அவனுடைய கேள்வி. நான் ஜேர்மனியில் இருந்த காலத்தில் மைக்ரோலைட் எனப்படும் மிக இலகுவான இரண்டு இருக்கை விமானம் ஒன்றில் நால்வரோடு பங்கு சேர்ந்து பதினொரு ஆண்டு பறந்தவன். அந்த விமானத்தில் இந்த ஏற்பாடு இருந்தது. அங்கே அந்த வகை விமானத்துக்கு இது சட்டப்படி கட்டாயம் என்பதால் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வழியும் இருக்கவில்லை. மருமகனுக்கு வாயால் சொன்னதை, கனடாவிலும் இலண்டனிலும் பறக்கப் பழகும் நம்மவர் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதினொரு ஆண்டில் நான் வான்குடையை ஏவும் பிடியை ஒருமுறையும் இழுத்ததில்லை. ஒருமுறை இழுத்திருக்க வேண்டும். ஆகவே இது வான்குடையில் தொங்கி உயிர் தப்பியவனின் சாட்சியம் ஆகாது. அதை இருக்கைக்கருகே வைத்துக்கொண்டு பறந்து, பராமரித்து, காசு கட்டி, கடைசியில் காலாவதியான துணியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒருவனின் மதிப்பீடாகவே இதை வாசிக்க வேண்டும்.

பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பொரிஸ் பொப்போவ் என்பவர் 1975இல் தொங்கு சிறகு ஒன்றில் பறந்தபோது ஏறக்குறைய 400 அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்து உயிர் தப்பினார். விழுந்துகொண்டிருந்தபோது, கையில் ஒரு வான்குடை இருந்திருந்தால் விரிப்பதற்கு நேரம் இருந்ததே என்ற எண்ணம் வந்ததாம். 1980இல் அவர் தொடங்கிய பி.ஆர்.எஸ். நிறுவனம்தான் இந்தத் துறையில் முன்னோடி. சிறு விமானங்கள் செய்யும் அமெரிக்காவின் சிரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான அலன் கிளாப்மையர் 1985இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி, சேதமான விமானத்தை அரும்பாடுபட்டு இறக்கியவர். அந்த அனுபவத்துக்குப் பிறகு, தாம் செய்யும் விமானம் ஒவ்வொன்றிலும் வான்குடை இருந்தே ஆக வேண்டும் என்று நின்றார். அப்படி வான்குடையோடு பிறந்த எஸ்.ஆர். 20 விமானம் 1998இல் அமெரிக்காவில் சான்றிதழ் பெற்றது. இன்று சிரஸ் செய்யும் சிறிய ஜெட் விமானத்திலும் அது இருக்கிறது. ஐரோப்பாவின் மைக்ரோலைட் விமானங்களில் பெரும்பாலும் செக் நாட்டிலும் ஜேர்மனியிலும் செய்யப்படும் ஏற்பாடுகளைக் காணலாம்.

இனி அது வேலை செய்யும் முறை. விமானத்தின் உடலுக்குள் ஒரு பையிலோ உருளையிலோ வான்குடை மிக இறுக்கமாக மடித்து அடைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் திண்ம எரிபொருள் நிரப்பிய சிறிய ரொக்கட் ஒன்று இருக்கும். எங்களுடையதில் பிடியை இழுத்தால் கம்பி வழியாக ஒரு வில்சுருள் இறுகி விடுபட்டு, தட்டும் ஊசி வெடிமருந்தை அடித்து, ரொக்கட் பற்றிக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை என்பது எனக்குப் பிடித்த அம்சம். சிரஸின் புதிய தலைமுறை விமானங்களில் மின்சாரத்தால் பற்றவைக்கும் முறை வந்திருக்கிறது, பழையவற்றில் இதே கம்பிதான். ரொக்கட் ஏறக்குறைய ஒரு வினாடிதான் எரியும், ஆனால் அதற்குள் உறையைக் கிழித்து, வான்குடையை விமானத்துக்கு அப்பால் இழுத்துச் சென்று கயிறுகளை நீட்டிவிடும். காற்றை நம்பி மெதுவாக விரியும் வான்குடையைச் சுழன்று விழும் விமானத்தில் பயன்படுத்தினால் அது வாலிலோ விசிறியிலோ சுற்றிக்கொள்ளும். ரொக்கட் வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

அதன் பிறகு நடப்பதுதான் பட்டம் ஏற்றிய ஒருவனுக்கு நன்றாக விளங்கும். வேகமாகப் போகும் விமானத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய துணி ஒரே அடியாக விரிந்தால் துணி கிழியும், அல்லது இணைப்பு பிய்யும். அதைத் தடுக்கக் கயிறுகள் எல்லாவற்றையும் ஒரு வளையத்துக்குள் கோத்து வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அந்த வளையம் குடையின் வாயை நெருக்கிப் பிடிக்கிறது. வேகம் குறையக் குறைய அது கயிறுகள் வழியே கீழே வழுகி வருகிறது, குடையும் மெல்ல மெல்ல அகலமாகிறது. சிரஸ் விமானத்தில் குடையிலிருந்து வரும் பட்டிகள் மூன்று: முன்னே இரண்டு, பின்னே ஒன்று. பின்பட்டி முதலில் கட்டையாகக் கட்டப்பட்டிருப்பதால் விமானம் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு தொங்கும். சில வினாடிகளில் சிறிய வெடி வெட்டிகள் அந்தக் கட்டினை அறுத்துவிட, பின்பட்டி நீண்டு, வால் கீழே இறங்கி, விமானம் மட்டமாகிறது. இதை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது நான் வாய்விட்டு, “இது முச்சை!” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டத்தையும் ஏற்றும் நூலையும் இணைக்கும் கட்டுநூல்தான் முச்சை. அதில் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் பட்டம் நிற்கும் சாய்வு மாறிவிடும் என்பதை வல்வெட்டித்துறைப் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கையே அங்கே பொறியியலாளர்கள் கெவ்லார் பட்டியில் செய்திருக்கிறார்கள்.

என்னிடம் உள்ள துணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதன் பாவனைக் காலம் முடிந்து புதியது வாங்கியபோது, பணிமனையில் ரொக்கட்டைக் கழற்றி அழித்துவிட்டு, துணியையும் கயிறுகளையும் நினைவுக்காக என்னிடம் தந்தார்கள். பயணப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அது யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் இரவுகளில் மேலே ஏவப்பட்டுத் தொங்கிக்கொண்டு வந்த ‘பரா லைற்’ என்ற வெளிச்சக் குண்டு விழுந்த இடத்தைத் தேடி ஓடி, அதன் சின்னக் குடையைக் கொண்டுவந்து ஒளித்து வைத்த பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால், இந்தப் பெரிய குடையை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்தது. மருமகன் அதைப் பார்க்க வேண்டும் என்று நின்றான். வீட்டு முற்றத்தில் அது விரியாது. ஆகவே ஒரு காலையில் அவனையும் அவனுடைய நண்பனையும் கூட்டிக்கொண்டு வல்லை வெளிக்குப் போனேன்.

தரையில் விரித்தபோது குறுக்களவு பதினொரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. துணியைக் கையில் எடுத்தால் பட்டுச் சால்வை அளவுக்குத்தான் தடிப்பு. தையல்கள் மட்டும் இரண்டு மூன்று மடிப்பாக, விரலுக்குக் கரகரத்தன. மெல்லிய வாடைக்காற்று, பெரிய பட்டம் ஏற்றுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் வீசினால் நல்லது என்று சொல்லக்கூடிய அளவில்தான் இருந்தது. கயிறுகளின் முடிச்சில் நாங்கள் மூவரும் பிடித்திருந்தோம். விளிம்பின் ஒரு பக்கம் மெல்ல எழும்பியது, துணி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் ஊதிக்கொண்டது, அடுத்த கணம் மூவரும் மணலில் முழங்காலில் இழுபட்டுக்கொண்டிருந்தோம். இருபது மீற்றராவது போயிருப்போம். நான் கத்திக் கத்திச் சொல்ல, மருமகன் முடிச்சை விட்டுவிட்டு ஒரு பக்கத்துக் கயிறு இரண்டை மட்டும் பிடித்துத் தன்பக்கம் இழுத்த பிறகுதான் குடை சுருங்கிப் படுத்தது. அவனுடைய முழங்காலில் தோல் போய்விட்டது. பிறகு வீட்டில் கணக்குப் பார்த்தோம். வினாடிக்கு 5 மீற்றர் காற்றில் 100 சதுர மீற்றர் துணி ஏறக்குறைய 120 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும்.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விற்பனைக் காணொளிகளில் விமானம் புல்வெளியில் பூப்போல வந்து அமர்ந்ததும் படம் முடிந்துவிடுகிறது. காற்றுள்ள நாளில் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கலாம். வான்குடையின் கீழ் தொங்கும் விமானத்தைத் திருப்ப முடியாது, காற்று எந்த வேகத்தில் வீசுகிறதோ அந்த வேகத்திலேயே அது பக்கவாட்டில் போகும், தரையில் பட்ட பிறகும் குடை சுருங்காவிட்டால் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இறங்கும் வேகமும் பூப்போன்றதில்லை. எங்கள் விமானத்துக்கு வினாடிக்கு ஏறக்குறைய 7 மீற்றர், அதாவது எட்டடி மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம். சிரஸ் எஸ்.ஆர். வகைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 அடி, அது பன்னிரண்டு பதின்மூன்று அடியிலிருந்து விழுவதற்குச் சமம். சில்லுகளின் கால்களும் இருக்கைகளும் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். விமானம் பெரும்பாலும் திருத்த முடியாத அளவுக்குச் சேதமாகலாம். முள்ளந்தண்டில் காயம் வரவும் கூடும். உயிரை வாங்குவதற்கு விமானத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்ற கணக்கு மனதில் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

பிடியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் விமானத்தில் அது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே சிவப்பு நிறத்தில் இருந்தது. சிரஸில் கூரையில், இருவரின் தலைக்கும் இடையே, ஒரு மூடிக்குள் இருக்கும். கூரைப் பிடியை இழுக்க 45 இறாத்தல், அதாவது இருபது கிலோ அளவுக்கு விசை தேவைப்படலாம் என்று கைநூல் சொல்கிறது. ஆகவே இரண்டு கையாலும் பிடித்து நேர் கீழே இழுக்கப் பழக்குகிறார்கள். நண்பர் ஒருவரின் உதவியால் ஒரு பயிற்சிக் கூடத்தில் அந்த மாதிரிப் பிடியை நான் இழுத்துப் பார்த்தேன். கிணற்றுக் கப்பியில் நிறைந்த வாளி இரண்டை ஒன்றாகக் கட்டி இழுத்தால் கையில் வரும் பாரம் அது. எங்கள் வீட்டுக் கிணற்றில் பத்து வயதிலிருந்து தண்ணீர் அள்ளிய எனக்கு அந்த அசைவு புதிதாக இருக்கவில்லை. ஆனால் என்னோடு வந்த ஒருவர் முதல்தரம் இழுத்தபோது பிடி பாதியில் நின்றுவிட்டது. இழுக்கும் விசை இவ்வளவு என்று உடல் ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டும். இதற்காக ஒரு அரை மணிநேரப் பயிற்சிக்குக் காசு கட்டுவதை யாரும் வீண் என்று நினைக்கக் கூடாது.

பிடியில் ஒரு பாதுகாப்பு ஊசி இருக்கும். தரையில் தவறுதலாக யாரும் இழுத்துவிடாதபடி அது போடப்படுகிறது, பறப்பதற்கு முன் கழற்ற வேண்டும். பொருளின் மிகப் பலவீனமான இடம் எது என்று கேட்டால் நான் இந்த ஊசியைத்தான் காட்டுவேன். ஒருமுறை ஒரு மணிநேரம் பறந்து இறங்கிய பிறகுதான், சிவப்பு நாடாவோடு அந்த ஊசி பிடியிலேயே குத்தியிருந்ததைக் கண்டேன். அந்த ஒரு மணிநேரமும் பதின்மூன்று கிலோ பாரத்தைச் சும்மா சுமந்து திரிந்திருக்கிறேன். அதன் பிறகு, ஊசியைக் கழற்றி என் முன்னால் எல்லோரும் காணும் இடத்தில் குத்தினால் ஒழிய இயந்திரத்தைத் தொடுவதில்லை என்று எங்கள் பங்காளிகள் ஐவரும் வைத்துக்கொண்டோம்.

இனி இழுக்காமல் விட்ட கதை. ஒரு மே மாதம், மனைவி பக்கத்து இருக்கையில். ஓடுபாதையை விட்டு ஏறி 250 மீற்றரில் இயந்திரம் இருமி நின்றது. திருத்த வேலையில் சரியாக இறுக்கப்படாத எரிபொருள் குழாய் ஒன்று கழன்றதுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. 150 மீற்றருக்கு மேல் என்றால் வான்குடை, கீழ் என்றால் நேரே முன்னால் இறக்கம் என்று எங்களுக்குள் ஒரு எல்லை இருந்தது, அது காகிதத்தில் இருந்தது. எங்கள் விமானம் மூக்கைத் தாழ்த்தி மிதந்தால் தரைக்கு வர எண்பது வினாடி அளவில் ஆகும். அதில் எல்லை வரைக்குமான முதல் முப்பது வினாடியை நான் இயந்திரத்தைத் திரும்ப இயக்கிப் பார்ப்பதில் செலவழித்தேன். மனைவி பிடியில் கையை வைத்துக்கொண்டு, “இழுக்கட்டே?” என்றாள். நான், “பொறும்” என்றேன். அவ்வளவுதான் எங்களுக்கிடையே நடந்த பேச்சு. முன்னால் பீற்றூட் வயல் ஒன்று தெரிந்தது, இறக்கினேன், மூக்குச் சில்லு மண்ணில் புதைந்து முறிந்தது, விசிறி உடைந்தது, இருவரும் நடந்து வெளியே வந்தோம். அன்றிரவு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னாள்: “நீங்கள் பொறும் எண்டு சொல்லேக்கை எனக்குக் கீழை மின்கம்பி தெரிஞ்சது. நீங்கள் காணேல்லை.” அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். வயலின் ஓரத்தில் நடுத்தர அழுத்த மின்கம்பி ஓடியது. நாங்கள் அதற்கு மேலால் எவ்வளவு உயரத்தில் வந்தோம் என்பதை இன்றுவரை நான் அறியேன்.

எங்கள் பயிற்சியாளர் அதைக் கேட்டுவிட்டு, வயலில் இறக்கியதைக் குறை சொல்லவில்லை. வேகம் குறைந்த மைக்ரோலைட்டுக்குத் திறந்த வயல் நல்ல தேர்வாக இருக்கலாம். ஆனால் நான் தேர்ந்தெடுக்கவே இல்லை என்றார். 150 மீற்றரைத் தாண்டும்போது நான் உயரமானியைப் பார்க்கவில்லை, ஆகவே வான்குடை என்ற வழி எனக்குத் தெரியாமலேயே மூடிக்கொண்டது என்பது அவர் சொன்னதன் பொருள். அந்தக் கண்டிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஓடுபாதையில் நின்று, எந்த உயரம் வரை என்ன செய்வேன் என்பதை வாய்விட்டுச் சொல்வேன், மனைவி வந்தால் அவளும் திருப்பிச் சொல்வாள். எனக்கு மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவளுக்குப் பழக்கினேன்: இயந்திரத்தை நிறுத்து, இழு. உண்மையில் இந்தப் பொருளின் மிகப் பெரிய நன்மை அதுதான் என்று இன்று நினைக்கிறேன். விமானம் ஓட்டத் தெரியாத ஒருவர், ஓட்டியவர் சரிந்துவிட்டாலும் செய்யக்கூடிய காரியம் ஒன்று அந்த விமானத்துக்குள் இருக்கிறது. வேறெந்தக் கருவியும் பயணிக்கு அதைக் கொடுப்பதில்லை.

என் தவறு எனக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதைச் சிரஸின் கதை காட்டுகிறது. எல்லா விமானத்திலும் வான்குடை இருந்தும், தொடக்க ஆண்டுகளில் அவற்றின் உயிரிழப்பு விபத்து வீதம் மற்றச் சிறு விமானங்களைவிடக் குறைவாக இருக்கவில்லை. பல விபத்துகளில் உயரமும் நேரமும் இருந்தும் பிடி இழுக்கப்படவே இல்லை. முதல் உண்மையான பாவனை 2002 ஒக்ரோபரில் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது: பராமரிப்பு வேலைக்குப் பின் பறந்த விமானத்தில் சிறகின் பின்னோரத்தில் அசையும் பலகை ஒன்று கழன்று தொங்க, விமானி வான்குடையை இழுத்துக் காயமின்றி இறங்கினார். ஆனாலும் அதை முதலில் எண்ண வேண்டும் என்ற பழக்கம் விமானிகளிடம் வரப் பத்தாண்டு அளவு எடுத்தது. உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் பயிற்சியை மாற்றி, தரையிலிருந்து 500 அல்லது 600 அடிக்கும் 2,000 அடிக்கும் இடையில் இயந்திரம் நின்றால் உடனே இழு, அதற்கு மேலே என்றால் மட்டும் காரணத்தைத் தேடு என்று பழக்கத் தொடங்கிய பிறகே உயிரிழப்புகள் தெளிவாகக் குறைந்தன. இன்று அந்த ஏற்பாட்டால் தப்பியவர்கள் 200 பேருக்கு மேல். 2015 சனவரியில் ஹவாய்க்கு அப்பால் பசுபிக் கடலில் எரிபொருள் சிக்கலால் ஒரு விமானி வான்குடையில் இறங்கியதை அமெரிக்கக் கரையோரக் காவல்படை மேலிருந்து படம் பிடித்தது. ஒரு பயணக் கப்பல் அவரை ஏற்றியது. அந்தக் காணொளியைத் தேடிப் பார்ப்பது நல்லது. தண்ணீரில் பட்ட பிறகு குடை காற்றில் ஊதி விமானத்தைக் கவிழ்ப்பது அதில் தெளிவாகத் தெரியும்.

எல்லைகளும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சிரஸ் எஸ்.ஆர். 22இன் முந்தைய தலைமுறைகளுக்கு மணிக்கு 133 கடல்மைல் வேகம் வரை இழுத்துக் காட்டியிருக்கிறார்கள், பிந்திய தலைமுறைக்கு 140. மட்டமாகப் பறக்கும்போது குடை முழுதாக வேலை செய்ய முந்தையவற்றில் 400 அடி உயரம் இழக்கப்படும், சுழலில் இருந்து என்றால் 920 அடி. வேகம் கூடினால் துணி கிழியலாம், உயரம் குறைந்தால் விரிந்து முடிய முன் தரை வந்துவிடும், தீப்பற்றினால் நைலோன் துணி என்ன பாடுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேகத்துக்குள் போய் வழி தடுமாறியவர், வேகம் எல்லை தாண்டும்வரை யோசித்துவிட்டு இழுத்தால் பலன் குறைவு.

நமது நிலத்துக்கு இது பொருந்துமா என்று மருமகன் கேட்டான். பலாலியிலிருந்து கிளம்பும் ஒரு சிறு விமானத்தை மனதில் வைத்து நாங்கள் இருவரும் படத்தை விரித்துப் பார்த்தோம். தோட்டச் செம்மண் நிலம் இறங்குவதற்கு நல்லதுதான், ஆனால் கட்டில்லாத கிணறுகள் இருக்கின்றன. பனங்கூடல் என்றால் 20 மீற்றருக்கு மேல் உயர்ந்த மரங்கள், குடை பனை வட்டுக்குள் சிக்கி விமானம் நடுவே தொங்கிவிட்டால் அங்கிருந்து இறங்குவது வேறொரு விபத்து. யாழ்ப்பாணக் கடல்நீரேரி பல இடங்களில் இடுப்பளவும் இல்லை, ஆகவே மூழ்கும் பயம் குறைவு. ஆனால் தண்ணீரில் சில்லுக் கால்கள் அடியை வாங்கிக்கொள்ளாது, அந்த அதிர்ச்சி நேரே இருக்கைக்கு வரும். தென்மேற்குக் காற்றான சோழகம் மூச்சுவிடாமல் வீசும் ஆடி மாதத்தில் வடகரைக்கு அருகே இழுத்தால் காற்று கடலை நோக்கித்தான் கொண்டுபோகும். மிதவைச் சட்டை அணியாமல் அந்தக் காலத்தில் அங்கே பறப்பவருக்கு வான்குடை பாதி உதவிதான். இத்தனைக்குப் பிறகும், வயல் வரம்பும் மின்கம்பியும் மதிலும் நெருங்கிக் கிடக்கும் நமது குடாநாட்டில், ஓடிப்போய் நிற்க நீளமான வெளி கிடைப்பதைவிட நேரே கீழே இறங்கச் சிறிய வெளி கிடைப்பது சுலபம் என்ற முடிவுக்குத்தான் வந்தோம்.

செலவு விடயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. வாங்கும் விலையை எல்லோரும் கேட்கிறார்கள், வைத்திருக்கும் விலையை யாரும் கேட்பதில்லை. எங்களுடையதை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, காயவைத்து, பார்த்து, திரும்ப மடிக்க வேண்டும். ரொக்கட்டின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. சிரஸில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை குடையும் ரொக்கட்டும் கவனிக்கப்பட வேண்டும், அதற்கான செலவு 15,000 அமெரிக்க டொலரைத் தாண்டும். மைக்ரோலைட்டுக்கு அந்தத் தொகை சில நூறு யூரோவிலிருந்து தொடங்கும் என்பதால் அது எங்களைக் கொல்லவில்லை. காத்திருப்புத்தான் கொன்றது. முதல்முறை மடிக்க அனுப்பியபோது மூன்று கிழமையில் திரும்பும் என்றார்கள். ரொக்கட் வெடிபொருள் என்பதால் சாதாரணப் பொதியாக அனுப்ப முடியாது, அதற்கென்று அனுமதியுள்ள வாகனம் வர வேண்டும் என்ற காரணத்தோடு ஒரு கோடைகாலம் முழுவதும் விமானம் கொட்டகையில் நின்றது. தொலைபேசியில் கேட்டால் ஒவ்வொரு முறையும் “அடுத்த கிழமை”. பெயர் சொல்லி என்ன பயன், அந்தப் பணிமனை இப்போது கைமாறிவிட்டது. இலங்கையில் வைத்திருக்க நினைப்பவர் கடல் தாண்டி ரொக்கட் போய்வரும் நாட்களையும் அனுமதிப் பத்திரங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாரிகாலத்தில் அனுப்பி, பறக்கும் காலத்துக்கு முன் திரும்பப் பெறுவது என் ஆலோசனை.

மருமகன் பழகுவது செஸ்னாவில். செஸ்னா 172, 182 வகைகளில், விமானம் செய்து முடிந்த பிறகும் பூட்டக்கூடிய ஏற்பாடு அமெரிக்கச் சான்றிதழோடு இருக்கிறது. ஆனால் அதன் பாரம் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல், இடம் பிடிப்பது பொதிகள் வைக்கும் பின்பகுதியில். நாலு இருக்கை என்று பெயர் இருந்தாலும் மூன்று பேரோடு நிறைந்துவிடும் விமானத்தில் அது சின்ன விடயம் இல்லை. பழக்கும் விமானத்துக்கு அதை நான் வற்புறுத்த மாட்டேன். பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கும் காலத்தில் அவன் இயந்திரமின்றி இறக்கப் பழகட்டும். சொந்தமாக ஒன்றில் பங்கு சேரும் நாள் வந்தால், குடும்பத்தை ஏற்றும் எண்ணம் இருந்தால், தொழிற்சாலையிலேயே வான்குடை பூட்டித் தந்த விமானத்தையே வாங்கச் சொல்வேன்.

விமானம் நிற்கும் இடத்தைப் பார்க்க வருபவர்களுக்கும் விபத்துக்கு ஓடிவருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொக்கட் வெளியே வரும் இடத்தில் முக்கோண எச்சரிக்கை அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். விபத்தில் விழுந்தும் இழுக்கப்படாத ரொக்கட், உடைந்த உடலுக்குள் பதறிக்கொண்டிருக்கும் வெடிபொருள்தான். மிதிவெடி இருப்பதை எச்சரிக்கும் சிவப்புத் தலையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த அடையாளத்துக்கு நேரே நிற்கக் கூடாது, கம்பியை அறுக்கவோ இழுக்கவோ கூடாது, தெரிந்தவர் வரும்வரை விலகி நிற்க வேண்டும்.

பழைய விமானம் வாங்கப் போகிறவர் இயந்திர மணிக்கணக்குக்கு முன்பாகக் கேட்க வேண்டியது வான்குடைப் பையில் ஒட்டிய சீட்டை. அதில் மடித்த திகதியும் அடுத்து மடிக்க வேண்டிய திகதியும் ரொக்கட் முடியும் திகதியும் இருக்கும். நானும் பங்காளிகளும் இரண்டாவது விமானம் ஒன்றைப் பார்க்கப் போனபோது, சாயமும் இருக்கைத் தோலும் புதிதாகப் பளபளத்தன. இருக்கைக்குப் பின்னால் தலையை விட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். சீட்டில் மாதம் இருந்தது, ஆண்டு இருந்த இடம் மட்டும் விரலால் தேய்த்ததுபோல் வெளுத்திருந்தது. விற்பவர் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டோம்.